ஒற்றைக்கொம்பு நந்தி யாருடையது

நான் எழுதிய ஒரே புத்தகம் முப்பத்திரண்டு பக்கம். அதில் ஒரு பக்கம் முழுப் பொய். மற்ற முப்பத்தொரு பக்கத்தையும் காப்பாற்றுவதற்காகவே அந்தப் பொய்யை எழுதினேன். கடைசியில் பொய்யைக் காப்பாற்றத்தான் வக்கீல் வீட்டுப் படி ஏற வேண்டி வந்தது.

அறுபதுகளின் பிற்பாதியில் காஞ்சிபுரத்துக்கு வந்து சேர்ந்தேன். பெரிய காரணம் ஒன்றும் இல்லை. ஆற்காட்டிலிருந்து சென்னைக்குப் போகும் லாரியில் மூட்டைகளின்மேல் உட்கார்ந்து வந்துகொண்டிருந்தேன். லாரி பழுதாகி நின்றது. சரிசெய்ய இரண்டு நாள் ஆகும் என்றார் டிரைவர். இறங்கி நடந்தேன். நடந்து சேர்ந்த ஊர் இது. படிப்பு ஏழாம் வகுப்போடு நின்றுவிட்டது. அதற்குப் பிறகு மாவு மில், சர்க்கஸ் கூடாரம், உப்பளம், சென்னை பஸ் நிலையம் என்று எந்த இடத்திலும் ஒரு மழைக்காலத்துக்கு மேல் நான் நிலைத்ததில்லை.

காஞ்சிபுரத்தில் என்னைப் போன்றவனுக்கு ஒரு வசதி இருந்தது. கோயில்கள் நிறைய. எங்கே எப்போது பிரசாதம் தருவார்கள் என்று தெரிந்துகொண்டால் போதும், பசியைத் துண்டு துண்டாக வெட்டி ஒரு நாளை ஓட்டிவிடலாம். காலையில் சின்னக் காஞ்சிபுரத்தில் ஒரு தொன்னைப் பொங்கல். வெயில் ஏறுவதற்குள் இரண்டு மைல் நடந்தால் பெரிய காஞ்சிபுரத்தில் புளியோதரை. மதியம் நடை சாத்தியிருக்கும்போது கோயில் மண்டபத்தில் தூக்கம். மாலையில் ஒரு இடத்தில் சுண்டல், இருட்டுவதற்குள் இன்னொரு இடத்தில் தயிர்சாதம். திங்கட்கிழமைக்கு ஒரு வழி, வெள்ளிக்கிழமைக்கு ஒரு வழி. ஆறு மாதத்தில் ஊரே எனக்கு ஒரு சாப்பாட்டுப் பட்டியலாக மனப்பாடம் ஆகிவிட்டது.

வரிசையில் நிற்கும் வெளியூர்க்காரர்கள் என்னிடம் வழி கேட்பார்கள். அடுத்து எந்தக் கோயில், எத்தனை மணிக்கு நடை சாத்துவார்கள், குளிக்க இடம் எங்கே, பூக்காரி எவ்வளவு ஏமாற்றுவாள். ஒரே பதிலை ஒரு நாளைக்கு நாற்பது பேருக்குச் சொல்லித் தொண்டை வறண்டது. எழுதிவிட்டால் என்ன என்று தோன்றியது. ஒரு குயர் காகிதம் வாங்கி எழுதினேன். கல்யாணப் பத்திரிகையும் கட்சி நோட்டீசும் அடிக்கும் ஒரு சிறிய அச்சகத்தில், இரண்டு மாதம் காகிதக் கட்டுத் தூக்கிக் கூட்டிப் பெருக்கிய கூலிக்கு ஈடாக, அதை அச்சடித்துக் கொடுத்தார்கள். ‘ஒரே நாளில் காஞ்சி’ என்று பெயர் வைத்தேன். விலை நாலணா. அட்டையில் என் பெயர்.

பொய்ப் பக்கத்தின் கதை சென்னையில் ஆரம்பிக்கிறது. அங்கே பஸ் நேரப் புத்தகம் விற்றுக்கொண்டிருந்தபோது, அதைப் போடும் ஆசாமி ஒரு வேலை செய்வார். ஓடுகிற பஸ்களுக்கு நடுவில் ஓடாத பஸ் ஒன்றையும் அச்சடித்துவிடுவார். மதியம் இரண்டே காலுக்குக் கிளம்பும் என்று போட்டிருக்கும். அப்படி ஒரு பஸ் உலகத்தில் கிடையாது. வேறு எவனாவது அவர் புத்தகத்தைப் பார்த்து அடித்தால் அந்த இல்லாத பஸ்ஸும் அவன் புத்தகத்தில் கிளம்பிவிடும். பிடித்துக்கொள்ளலாம். ஒரு நாள் அந்த பஸ்ஸுக்காக ஒரு குடும்பமே வாழைத்தாரோடு வந்து நின்றது. ஆனால் அன்று வேறொரு பஸ் தாமதமாகி, சரியாக இரண்டே காலுக்கு வந்து, அவர்களை ஏற்றிக்கொண்டு போனது. புத்தகம் சரியாக இருக்கிறது என்று சொல்லி எனக்கு இரண்டு பழம் பிய்த்துக் கொடுத்துவிட்டுப் போனார்கள்.

என் புத்தகத்துக்கும் அப்படி ஓர் ஓடாத பஸ் வேண்டும் என்று நினைத்தேன். ஓரிக்கைக்குப் போகும் சாலையில், ஊரைத் தாண்டியதும், ஒரு வறண்ட குட்டையின் கரையில் கல் நந்தி ஒன்று வெட்டவெளியில் படுத்திருக்கும். எதிரே லிங்கம் இல்லை. சுற்றிலும் சுவர் இல்லை. ஒரு கொம்பு உடைந்துபோனது. சலவைக்காரர் ஒருவர் அதன் முதுகில் போர்வை காயவைப்பார். நான் அதன் நிழலில் படுப்பேன். ஊரில் யாரும் அதை ஏறிட்டும் பார்ப்பதில்லை. பதினெட்டாம் பக்கத்தில் இப்படி எழுதினேன்:

“ஒற்றைக்கொம்பு நந்தி. தறியில் அறுந்த பட்டிழையைக் கொண்டுவந்து இவருடைய கொம்பில் முடிந்தால், அந்தத் தறியில் ஒரு மண்டலத்துக்கு இழை அறாது என்பது ஐதீகம்.”

ஐதீகம் என்பது நல்ல சொல். யார் சொன்னது என்று யாரும் கேட்பதில்லை.

புத்தகத்தை பஸ் நிலையத்துக்கு எதிரே ஒரு கடையில் வைத்து விற்றேன். சீப்பு, கற்பூரம், சாமி படம், தபால் கார்டு விற்கும் கடை. கடைக்காரன் தாமல் ஏரிப் பக்கத்து விவசாயக் குடும்பம். ஏரி நிரம்பினால் நிலத்துக்குப் போய்விடுவான், வற்றினால் கடைக்கு வந்துவிடுவான், தேர்தல் வந்தால் இரண்டையும் விட்டுவிடுவான். என் வயதுதான். என்னை ‘எழுத்தாளரே’ என்று கூப்பிட்ட முதல் ஆள் அவன். அதற்காகவே அவன்மேல் எனக்குப் பிரியம்.

நாலு மாதம் நன்றாக விற்றது. ஒரு நாள் நான் போனபோது, என் புத்தகம் இருந்த கம்பியில் வேறு புத்தகம் தொங்கிக்கொண்டிருந்தது. மூன்று நிறத்தில் அட்டை. ‘காஞ்சி யாத்திரை வழிகாட்டி’ என்று தலைப்பு. ஆசிரியர் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் கடைக்காரனின் பெயர்.

புரட்டினேன். என் வாக்கியம் ஒன்றுகூட அப்படியே இல்லை. ‘இங்கே செருப்பை வெளியே விட்டால் திரும்ப வரும்போது வேறு யாரோ போட்டிருப்பார்கள்’ என்று நான் எழுதியது, ‘பாதரட்சைகளைப் பத்திரமாகப் பேணுதல் நலம்’ என்று ஆகியிருந்தது. யாரோ வாத்தியாரைப் பிடித்து எழுதவைத்திருக்கிறான் என்று தெரிந்தது. ஆனால் கோயில்கள் அதே வரிசை. குளிக்கச் சொன்ன இடங்கள் அதே இடங்கள். இருபத்தோராம் பக்கத்தில், கொம்பைக் ‘கோடு’ ஆக்கி, ‘ஒற்றைக் கோட்டு நந்தியெம்பெருமான்’ என்ற தலைப்பில், என் ஓடாத பஸ் கிளம்பிக்கொண்டிருந்தது. அதன் கீழே நான் எழுதாத இரண்டு வரியும் கூடியிருந்தது.

“இன்னாபா இது?” என்றேன்.

“புக்கு.”

“யார் எழுதினது?”

“அட்டைய பாரு. படிக்கத் தெரியும் இல்ல?”

“என் புத்தகத்தைப் பாத்து எழுதியிருக்கே.”

“எழுத்தாளரே, கோயில நீ கட்னியா? கொளம் நீ வெட்னியா? எட்டு மணிக்கு நடை தொறக்குதுன்னு நீ எழுதினா நான் ஒம்போதுன்னா எழுதணும்? ஜனங்க வந்து பூட்டின கதவ பாத்துக்கினு நிக்கட்டுமா?”

“நந்தி?”

“நந்தி இன்னா உங்க வூட்டு மாடா? நானும் போயி பாத்தேன். நானும் எழுதினேன்.” ஒரு சீப்பை எடுத்துத் துடைத்து மாட்டினான். “கோச்சுக்காதபா. உன் புக்கும் வைக்கிறேன். உள்ள, அந்தக் கற்பூர டப்பாவுக்குப் பின்னாடி.”

கோபம் வந்தது. ஆனால் அவன் சொன்னதில் எது தவறு என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை. என் வாழ்க்கையில் அதுவரை என்னிடமிருந்து திருடுவதற்கு ஒன்றும் இருந்ததில்லை. துண்டு, செருப்பு, ஒருமுறை தகரப் பெட்டி. போனால் தெரியும், எடுத்தவன் கையில் இருக்கும். இதுவோ போயும் என்னிடமே இருந்தது. ஆனால் போய்விட்டது.

சின்னக் காஞ்சிபுரத்தில் ஒரு வக்கீல் இருந்தார். வைஷ்ணவக் குடும்பம். வாசலில் கோலம், உள்ளே சட்டப் புத்தகங்கள், இரண்டுக்கும் நடுவில் சாய்வு நாற்காலியில் அவர். நான் தயங்கித் தயங்கிப் புத்தகத்தை நீட்டினேன். அட்டையைப் பார்த்ததும் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

“ஓய், இதை எழுதினது நீரா? போன மாசம் என் அக்கா குடும்பத்தோட வந்திருந்தா. இதைக் கையில வெச்சுண்டுதான் சுத்தினோம். ஒரு விஷயம் கவனிச்சேன். எந்தக் கோயிலுக்குப் போனாலும் சரியா பிரசாதம் குடுக்கற நேரத்துக்குப் போய் நிக்கறோம். அது எப்படி ஓய்?”

வழியை என் வயிறு போட்டது என்றேன். வெகுநேரம் சிரித்தார். அந்தச் சிரிப்புக்காகவே ஃபீஸ் இல்லாமல் கேஸை எடுத்துக்கொண்டார் என்று நினைக்கிறேன்.

“நான் இதை எங்கேயும் பதிவு பண்ணலையே சாமி,” என்றேன். அதுதான் எனக்குப் பெரிய பயமாக இருந்தது.

“வேண்டாம். எழுதி முடிச்ச க்ஷணமே அது உம்முது. பதிவு பண்ணி வெச்சா சாட்சிக்கு உதவும், அவ்வளவுதான். கன்னுக்குட்டி பொறந்தா அதோட தாய்கிட்ட யாராவது ரசீது கேக்கறாளா?”

“எத்தனை நாளைக்கு என்னுது?”

“நீர் இருக்கற வரைக்கும். அதுக்கப்புறம் ஐம்பது வருஷம்.”

“செத்த பிறகா?”

“செத்த பிறகு.”

எனக்கு ஒரே ஆச்சரியம். உயிரோடு இருக்கும்போதே தபால் வந்துசேர எனக்கு ஒரு விலாசம் கிடையாது. செத்த பிறகு ஐம்பது வருஷத்துக்குச் சொத்து.

“ரொம்ப பூரிச்சுப் போகாதேயும்,” என்றார் வக்கீல். “எது உம்முதுன்னு பாக்கணும். ஊரைச் சுத்திக் காட்ட ஒரு புத்தகம் போடலாம்கற யோசனை இருக்கே, அது உம்முது இல்லை. யார் வேணா போடலாம். நடை தொறக்கற நேரம் உம்முது இல்லை, பெருமாளோடது. நீர் எழுதின வாக்கியம் உம்முது. அதை அவன் தொடலை, வாத்தியாரை விட்டு மாத்திட்டான், கெட்டிக்காரன். இந்தக் கோயிலுக்கு அப்புறம் அந்தக் கோயில்னு நீர் அடுக்கின அடுக்கு இருக்கு பாரும், அது உம்முது. உம்ம வயித்தோடது. அவன் அடுக்கும் அதேதான்.”

“அப்போ போதுமே சாமி.”

“அவன் என்ன சொல்லுவான்? ‘நானும் நடந்தேன், எனக்கும் பசிச்சது’ம்பான். ரெண்டு பேர் தனித்தனியா நடந்து ஒரே மாதிரி எழுதினா ரெண்டு பேர் மேலயும் தப்பு இல்லை. உம்மதைப் பாத்துத்தான் எழுதினான்னு காட்டணும். உம்ம தலைக்குள்ள மட்டும் இருந்தது ஏதாவது அவன் புத்தகத்துல இருக்கா? வேற எங்கேயும் போய்ப் பாக்க முடியாதது?”

நான் நந்தியைப் பற்றிச் சொன்னேன். முதலில் அவருக்குப் புரியவில்லை. புரிந்ததும் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

“ஐதீகம்னு அச்சடிச்சு வித்திருக்கீர்.”

“ஆமா சாமி.”

“இப்போ நாலு பேருக்கு முன்னால நின்னுண்டு, அது ஐதீகம் இல்லை, நான் கட்டின கதைன்னு சொல்லணும். சொன்னா அவன் திருடன்னு ஆகும். நீர் புளுகன்னு ஆகும். உண்மைன்னு சொல்லி வித்துட்டு அப்புறம் என் கற்பனைன்னு வந்து நின்னா, ஜட்ஜும் ஒரு மாதிரிதான் பாப்பார்.” கண்ணாடியை மாட்டிக்கொண்டார். “சொல்லாம போனா, அது ஊர் வழக்கம். ஊர் வழக்கம் யாருக்கும் சொந்தம் இல்லை. அவன் சுகமா அடிச்சுண்டு போவான். எது வேணும்னு யோசிச்சு வாரும். அதுக்கு முன்னால, அந்த நந்தியை ஒரு தடவை பாத்துட்டு வாரும்.”

மறுநாள் காலை, புத்தகம் போட்ட பிறகு முதல்முறையாக, ஓரிக்கை சாலையில் நடந்தேன். தூரத்திலிருந்து பார்க்கும்போதே ஏதோ மாறியிருந்தது. கிட்டே போனால், நந்தியின் கொம்பே தெரியவில்லை. அரக்கு, மாம்பழ மஞ்சள், மயில் கழுத்து நிறம், நீலம் என்று பட்டிழைகள் சுற்றிச் சுற்றி, கொம்பு ஒரு தலைப்பாகை அளவுக்குப் பருத்திருந்தது. நெற்றியில் குங்குமம். எதிரே எண்ணெய் வற்றி அணைந்த அகல்விளக்கு. சலவைக்காரரின் போர்வைகள் வேலிக்கு இடம் மாறியிருந்தன.

நாற்பது வயது இருக்கும் ஒரு அம்மா, இடுப்பில் முந்தானையைச் செருகிக்கொண்டு, ஒரு சிவப்பு இழையைக் கொம்பில் முடிந்துகொண்டிருந்தார். பிள்ளையார்பாளையத்து நெசவு வீடு என்று பேச்சில் தெரிந்தது. வீட்டில் மூன்று தறி.

“இது என்னக்கா வழக்கம்?” என்று கேட்டேன்.

“தெரியாதா தம்பி? வெளியூரா? அறுந்த எழைய கொணாந்து முடிஞ்சா தறியில பாவு நூல் அறாது. இந்த மாசம் மூணு பொடவ முடிச்சி தறியிலேருந்து அறுத்துட்டேன். ஒரு எழ அறுவல.”

“எத்தனை நாளா இந்த வழக்கம்?”

“இதென்ன கேள்வி? காலங்காலமாத்தான். எங்க மாமியாரோட மாமியார் முடிஞ்சிருக்காங்க.”

“நீங்க பாத்தீங்களா?”

“அவங்க செத்த அப்பறம்தான் எனக்குக் கல்யாணமே ஆச்சு. நான் எப்படிப் பாக்கறது?” என்றவர், என்னை ஏற இறங்கப் பார்த்தார். “நீயும் ஒண்ணு முடியேன். பாத்தா உனக்கே எங்கேயோ அறுந்த மாதிரிதான் இருக்குது.”

ஓர் இழை கொடுத்தார். முடிந்துவிட்டு வந்தேன். வேறென்ன செய்வது?

வக்கீல் நோட்டீஸ் அனுப்பினார். கோர்ட்டுக்குப் போகும் முன் ஒருமுறை உட்கார்ந்து பேசலாம் என்று கடைக்காரன் சொல்லியனுப்பினான். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு, வக்கீல் வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்தோம். கடைக்காரன் வெள்ளை வேட்டி கட்டி, நெற்றியில் விபூதி பூசி வந்திருந்தான். சாட்சிக்கு ஓர் ஆளைக் கூட்டி வந்திருந்தான். அதே அம்மா.

என்னைப் பார்த்ததும், “அட, நீயா தம்பி? எழ முடிஞ்சியே, ஏதாச்சும் நடந்துதா?” என்றார்.

“இப்போதான் நடக்குதுக்கா,” என்றேன்.

கடைக்காரன் ஆரம்பித்தான். “சாமி, இவுங்க நெசவுக்காரங்க. நந்திக்கு எழ முடியறது இன்னைக்கு நேத்து வந்ததான்னு நீங்களே கேளுங்க. ஊர்ல இருக்கறத நான் எழுதினேன். இவரும் எழுதினாரு. இதுல காப்பி எங்க வந்தது?”

அந்த அம்மா மாமியாரின் மாமியாரைக் கொண்டுவந்து நிறுத்தினார். இந்தத் தடவை அந்த மாமியார் எந்தக் கையால் முடிவார் என்பது வரை விவரம் கூடியிருந்தது. வக்கீல் என்னைப் பார்த்தார். நான் சொல்ல வேண்டிய இடம் அதுதான். வாயைத் திறந்தேன். அந்த அம்மா நல்ல எண்ணத்தோடு என்னைப் பார்த்துத் தலையசைத்தார். வாயை மூடிக்கொண்டேன். சொன்னால் நெசவுத் தெருக்களில் இனி ஒரு வாய் தண்ணீர் கிடைக்காது. சொல்லாவிட்டால் என் புத்தகம் கற்பூர டப்பாவுக்குப் பின்னால்தான்.

அப்போதுதான் பையிலிருந்த கையெழுத்துத் தாள்களின் நினைவு வந்தது.

“ரெண்டாம் பதிப்புக்கு எழுதி வெச்சிருக்கேன் சாமி,” என்றேன். “நந்திப் பக்கத்தைப் படிச்சுக் காட்டட்டுமா? ஊர் வழக்கம் சரியா இருக்குதான்னு இவரே சொல்லட்டும்.”

படித்தேன். “அறுந்த இழையைக் கொம்பில் முடிந்தால் தறியில் இழை அறாது. மேலும், வெள்ளிக்கிழமைகளில் பச்சை இழையை முடிந்தால், கல்யாணம் தள்ளிப்போகும் பெண்ணுக்கு வரன் வரும். பச்சை இழை பஸ் நிலையத்துக்கு எதிரே—”

“யோவ்!” கடைக்காரன் எழுந்துவிட்டான். “பச்ச எழ என்னுதுய்யா! அது உன் புக்ல கெடையாது! நான் போட்டது!”

வக்கீல் மெதுவாகக் கேட்டார். “உம்முதுன்னா? அது ஊர் வழக்கம் இல்லையா?”

“இல்ல சாமி... அதாவது... அது நான் யோசிச்சி, ராத்திரி பகலா ஒக்காந்து—” என்று சொல்லிக்கொண்டே போனவன் பாதியில் நின்றான். தான் எங்கே நிற்கிறோம் என்று அவனுக்கு அப்போதுதான் தெரிந்தது.

அவனுடைய சாட்சி அவன் பக்கம் திரும்பினார். “யோசிச்சியா? டேய், எம் பொண்ணுக்கு நாலு வெள்ளிக்கெழம பச்ச எழ முடிஞ்சேன்டா! உங்கிட்டதான வாங்கினேன்! அது நீ யோசிச்சதா?”

“அக்கா, ஒரு நிமிசம்—”

“யாருடா அக்கா? பட்டு நூல்னு சொல்லிக் கொடுத்தியே, அது பட்டே இல்ல. முடியறப்பவே எனக்குக் கை சொல்லிச்சி. சாமிக்கு ஆவுறதுன்னு சும்மா இருந்தேன்.”

கடைக்காரனுக்கு வேறு வழி தெரியவில்லை. என்னைக் கைகாட்டினான். “என்ன மட்டும் கேக்கறீங்களே! மொத்த நந்தியும் இவன் வுட்ட கதக்கா! இவன் புக்க பாத்துத்தான் நான் எழுதினேன்! இவன் எழுதறதுக்கு முன்னாடி அங்க போர்வதான் காஞ்சிக்கினு இருந்துச்சி!”

வக்கீல் பேனாவின் மூடியைக் கழற்றினார். “இவர் புத்தகத்தைப் பாத்துத்தான் எழுதினேன். அதானே சொன்னீர்? நல்லது.” நிதானமாக எழுத ஆரம்பித்தார்.

என் கேஸ் அந்த இடத்திலேயே ஜெயித்துவிட்டது. ஆனால் எனக்கு அது உடனே உறைக்கவில்லை. அந்த அம்மா என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“நெசமா தம்பி?”

“நெசம்தான்க்கா,” என்றேன். “நான் எழுதினது. அதுக்கு முன்னால அப்படி ஒண்ணும் இல்லை.”

“எங்க மாமியாரோட மாமியார்?”

தரையைப் பார்த்தேன்.

திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். அடிப்பார் என்றுகூட. அவர் யோசித்தார். விரல்களை மடக்கி எதையோ எண்ணினார்.

“சரி, நீ எழுதினே. மொத எழ யாரு முடிஞ்சது? சொல்லு. நீயா முடிஞ்சே?”

“இல்லை.”

“நான்தான். பஸ் ஸ்டாண்டுல எம் புள்ள உன் புக்க வாங்கி வந்து படிச்சான். மறுநாளே போனேன். அப்ப கொம்பு மொட்டையாத்தான் இருந்துச்சி. நான் முடிஞ்சத பாத்துத்தான் எங்க தெருவே வந்துது.” மாமியாரின் மாமியாரை அவர் அந்த நொடியே கைவிட்டுவிட்டார். “நீ காயிதத்துல எழுதி வெச்சிட்டுப் போயிட்டே. அத நெசமாக்கினது யாரு?”

வக்கீல் எழுதுவதை நிறுத்திவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தார்.

“மூணு பொடவ அறுத்தேன், ஒரு எழ அறுவல. அது உம் பொய்யா?”

“தெரியலைக்கா.”

“தெரியலன்னா சும்மா இரு. சாமி, நீங்க சொல்லுங்க. புக்கு இவனுது. நந்தி யாருது?”

வக்கீல் தாடையைத் தடவினார். “சட்டத்துல எழுதினவாளுக்குத்தான் இடம் இருக்கும்மா. செஞ்சவாளுக்கு ஒரு பிரிவும் காணோம்.”

“அப்போ அந்தச் சட்டத்த யாரோ வாத்தியார் எழுதியிருக்காரு,” என்றார் அவர்.

கடைக்காரன் கையெழுத்துப் போட்டான். புத்தகத்தை இனி விற்பதில்லை, மீதியிருக்கும் பிரதிகளை என்னிடம் ஒப்படைப்பது என்று ஒப்பந்தம். நானூறு சொச்சம் பிரதிகள் வந்தன. வைக்க எனக்கு இடம் ஏது? ஒரு பட்டுக்கடைக்குக் கொடுத்தேன். அவர்கள் தாள் தாளாகப் பிரித்துப் புடவை மடிப்புகளுக்குள் வைத்தார்கள். கடைக்காரனின் யாத்திரை வழிகாட்டி முகூர்த்தப் புடவைகளுக்குள் இருந்துகொண்டு ஊர் ஊராகப் போனது. அவனுடைய பெயர் இருந்த அட்டை கெட்டியாக இருந்ததால் பெட்டிக்கு அடியில் போட்டார்கள். அவனும் நானும் ஒரு மாதம் பேசவில்லை. பிறகு ஏரி நிரம்பியது, அவன் ஊருக்குப் போனான், போகும் வழியில் எனக்கு ஒரு சீப்பு கொடுத்துவிட்டுப் போனான்.

இரண்டாம் பதிப்பில் நந்திப் பக்கத்தை எடுத்துவிடலாம் என்றுதான் நினைத்தேன். வக்கீலும், “வேலை முடிஞ்சுடுத்தே, இனிமே எதுக்கு?” என்றார். ஆனால் அச்சகத்தில் புரூஃப் பார்க்கும் நாளன்று அந்த அம்மா வந்து நின்றுவிட்டார். எனக்கு முன்னால் கம்போசிட்டரிடம் போய், “நந்தி எங்க?” என்று கேட்டார்.

“எடுத்துட்டேன்க்கா.”

“போடு. நான் சொல்றேன், எழுது.”

சொன்னார். எழுதினேன். காலையில் குளித்துவிட்டுப் போக வேண்டும். வலமாக மூன்று சுற்று. கொம்பில் ஏற்கெனவே இருக்கும் இழையை அவிழ்க்கக் கூடாது. பச்சை நூல் விற்பவனை நம்பக் கூடாது. மூன்று வரியோடு நின்றிருந்த என் பக்கம் முழுதும் நிரம்பியது. ‘ஐதீகம்’ என்று முடித்தேன்.

“அது வேணாம். இன்னார் சொன்னதுன்னு போடு. எம் பேரு.”

“அட்டையில என் பேர் இருக்குதேக்கா.”

“அது உன் பக்கங்களுக்கு. இது எம் பக்கம். யாராச்சும் கேட்டா பதில் சொல்ல ஆள் வேணுமா வேணாமா? நீ எந்த ஊர்ல இருப்பியோ. நான் இங்கியேதான் இருப்பேன்.”

கம்போசிட்டர் அவர் பெயரை எழுத்து எழுத்தாகப் பொறுக்கிக் கோத்தார். அந்த அம்மாவுக்குப் படிக்கத் தெரியாது. ஈய எழுத்துகளைக் குனிந்து பார்த்து, எத்தனை என்று எண்ணினார். பிறகு என் பெயர் இருந்த அட்டையின் புரூஃபை எடுத்துப் பக்கத்தில் வைத்து, விரலால் அளந்தார்.

“உன்னுது பெருசா இருக்குது.”

“அது அட்டைக்கா. அப்படித்தான் போடுவாங்க.”

“எனக்கும் அந்தச் சைசு,” என்று கம்போசிட்டரிடம் சொன்னார். கம்போசிட்டர் என்னைப் பார்த்தார். நான் தலையசைத்தேன். அந்தப் பெரிய எழுத்துக்கு இடம் போதாமல், பக்கத்தின் கடைசி இரண்டு வரியை வெட்ட வேண்டி வந்தது. எதை வெட்டுவது என்று கேட்டேன்.

“உனக்குப் புடிச்சத வெட்டு,” என்றபடி படியிறங்கினார் அந்த அம்மா. தெருவிலிருந்து திரும்பிக் குரல் கொடுத்தார்: “தம்பி, இத எவனாச்சும் காப்பியடிச்சான்னா அந்த ஐயங்கார்கிட்ட போவாத. எங்கிட்ட வா.”